கீத் ரிச்சர்ட்ஸின் ‘லைஃப்’: மேடையின் பின்வரிசையிலிருந்து ஒரு விமர்சனம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிட்டாரைத் தொட்டுப் பழகிய யாரும் இந்தப் புத்தகத்தை யோசிக்காமல் வாங்கலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் 2010-இல் கொண்டுவந்த தன்வரலாறு இது. அவர் சொல்லச் சொல்லக் கூட உட்கார்ந்து எழுதியவர் ஜேம்ஸ் ஃபாக்ஸ் என்ற பத்திரிகையாளர். ஐந்நூறு பக்கத்துக்கு மேல், தலையணை சைஸ். போதை, போலீஸ், கோர்ட்டு என்று வம்புக்காக வாங்குகிறவர்களுக்கும் உள்ளே நிறையத் தீனி இருக்கிறது. எனக்கு என்னவோ முதலில் அலுத்தது அந்தப் பக்கங்கள்தான்.

ஏன் அலுத்தது என்று புரிய வேண்டுமானால் நான் யார் என்று சொல்ல வேண்டும். பெங்களூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார், அதாவது பாடகருக்குப் பின்னால் தாளத்தோடு ஓடும் கிட்டார், வாசிக்கிறேன். அப்பா ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் இருந்தார், தூரவாணி நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். பகலில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை. சாயங்காலம் கல்யாண ரிசப்ஷன், கணபதி விழா, நவம்பர் பிறந்துவிட்டால் கர்நாடக ராஜ்யோத்சவ மேடை. அல்சூர், மர்பி டவுன் பக்கம் என்றால் தமிழ்ப் பாட்டு, மற்ற இடங்களில் பாதிக்குப் பாதி கன்னடம். பாடகர்கள் முன்னால் நிற்பார்கள், கீபோர்டுக்காரருக்கு ஓரத்தில் ஒரு விளக்கு கிடைக்கும், நான் டிரம்ஸுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில். கல்யாண வீடியோக்களில் என் வலது கை மட்டும் அவ்வப்போது வரும். இப்போது பாதி நிகழ்ச்சிகளில் முன்பே பதிவுசெய்த டிராக் போட்டுவிடுகிறார்கள், கிட்டாரே அதில் அடங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவன் கையில், உலகத்தின் மிகப் பெரிய ரிதம் கிட்டார்காரர் எழுதிய புத்தகம் கிடைத்தால் எந்தப் பக்கத்தைத் தேடிப் போவான்? கை என்ன செய்தது என்று சொல்லும் பக்கத்தைத்தான்.

சர்ச் தெருவில் பிளாஸம் கடையின் பழைய புத்தக அடுக்கில் 350 ரூபாய்க்குக் கிடைத்தது. எழுத்து கொஞ்சம் பொடி. கண்ணாடி போட்டவர்கள் ராத்திரி விளக்கில் படிக்கச் சிரமப்படுவார்கள். நடுவில் புகைப்படங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் உள்ளே என்னென்ன நடக்கப் போகிறது என்று அந்தக் காலத்து நாவல் பாணியில் ஒரு சுருக்கம் போட்டிருக்கிறார்கள். பாதியில் விட்டுவிட்டுப் பிடிப்பவர்களுக்கு அது நல்ல உதவி.

ஆரம்பம் சினிமா மாதிரி. 1975, அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் ஃபோர்டைஸ் என்று ஒரு சின்ன ஊர். கார் கதவுக்குள் வரை போதைச் சரக்கை அடைத்துக்கொண்டு போகிறவர்களை உள்ளூர் போலீஸ் மறிக்கிறது. சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். சரி, புத்தகம் விற்க வேண்டுமே. அதைத் தாண்டி டார்ட்ஃபோர்டுக்கு வாருங்கள், உண்மையான புத்தகம் அங்கேதான் தொடங்குகிறது.

1943 டிசம்பரில், போர் நடந்துகொண்டிருக்கும்போது பிறந்த பையன். லண்டனுக்கு வெளியே தொழிலாளர்கள் வாழும் ஊர். அம்மா டோரிஸ், அப்பா பெர்ட். அம்மாவைப் பெற்ற தாத்தா கஸ் டுப்ரீக்கு ஏழு பெண்கள். அவர் ஒரு நடனக் குழு வைத்து நடத்தியவர், பல வாத்தியங்கள் தெரிந்தவர். தாத்தா வீட்டில் பியானோவுக்கு மேல் ஒரு கிட்டார் இருக்கும். பையன் போகும்போதெல்லாம் அது அதே இடத்தில் இருக்கும். தொடு என்றோ தொடாதே என்றோ தாத்தா சொல்ல மாட்டார். கை எட்டுகிற உயரம் வந்ததும் எடுத்துக் கொடுத்து, ‘மலகேனா’ என்ற ஸ்பானிய மெட்டை வாசித்துப் பார்க்கச் சொல்கிறார். பேரன் வருகிறான் என்று தெரிந்தால் மட்டுமே அந்தக் கிட்டார் பியானோ மேல் ஏறியது என்பது கீத்துக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிகிறது. பேரன் போனதும் அது பெட்டிக்குள் போய்விடுமாம். நம் ஊரில் பிள்ளைகளைக் கீபோர்டு கிளாஸில் சேர்த்துவிட்டு மூன்றாம் மாதமே மேடையேற்றத் துடிக்கும் அப்பாக்கள் இந்த நாலைந்து பக்கத்தை மட்டுமாவது படிக்கலாம்.

அதே தாத்தா பையனை லண்டனில் ஒரு வாத்தியக் கடைக்குக் கூட்டிப் போவார். பட்டறைப் பக்கம் ஓர் அலமாரித் தட்டில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, அவர் வேலை செய்கிறவர்களோடு அரட்டைக்குப் போய்விடுவார். பையன் மேலே உட்கார்ந்து வஜ்ஜிரப் பசைச் சட்டி கொதிப்பதையும் பழுதுக்கு வந்த கிட்டார்களும் வயலின்களும் தொங்குவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான். எந்த இசைப் பள்ளியிலும் இந்தப் பாடம் கிடையாது.

அப்புறம் பள்ளிப் பாடகர் குழு. கீத் ரிச்சர்ட்ஸ் என்றால் மண்டையோட்டு மோதிரமும் சிகரெட்டும்தான் எல்லோர் நினைவுக்கும் வரும். அந்த மனிதர் சிறுவனாக வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் ராணிக்கு முன்னால் பாடியவர். குரல் உடைந்ததும் குழுவிலிருந்து விலக்கிவிட்டார்கள். பாடப் போனதில் வகுப்புகள் விட்டுப்போயின என்று சொல்லி அதே வகுப்பில் இன்னொரு வருஷம் உட்கார வைத்தார்கள். அந்தக் கோபம் எழுபது வயதை நெருங்கிய மனிதரின் எழுத்தில் அப்படியே கொதிக்கிறது. அதிகாரத்தில் இருப்பவன் எவனையும் நம்பாத குணம் அங்கேதான் வந்தது என்கிறார். நான் நம்புகிறேன். வேலை முடிந்ததும் விலக்கிவிடுவது என்னவென்று மேடைக்காரர்களுக்குத் தெரியும்.

1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், பின்னாளில் குழுவின் பாடகரான மிக் ஜாகரைச் சந்தித்த கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சின்ன வயசில் ஒரே பள்ளியில் படித்தவர்கள், கைக்கு அரிதான சக் பெர்ரி, மடி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞர்களின் இசைத்தட்டுகளால் மறுபடி ஒட்டிக்கொள்கிறார்கள். இதில் புத்தகம் தரும் புதுச் சரக்கு, அந்தச் சமயத்தில் கீத் தன் சித்திக்கு எழுதிய கடிதம். புகழ் வருவதற்கு முன்னால் ஒரு பதினெட்டு வயசுப் பையன் எழுதியது, அதில் ஒரு துளி பாவனை இல்லை. 1963-இல் அவர் வைத்திருந்த டைரியிலிருந்தும் கொஞ்சம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கே வாசித்தோம், என்ன கிடைத்தது, எப்படிப் போயிற்று என்று. நானும் அப்படி ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், தேதி, மண்டபம், பேட்டா, ஆட்டோ செலவு. எங்கள் குழுவில் கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு மட்டும்தான் உண்டு, அதற்காக என்னைக் கிண்டல் செய்பவர்கள் இந்தப் பக்கங்களைப் பார்க்க வேண்டும்.

இந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த மனிதர் கீத்கூட இல்லை, இயன் ஸ்டூவர்ட். பியானோக்காரர், குழுவின் முதல் ஆட்களில் ஒருவர். லண்டன் சோஹோவில் ஒரு மதுக்கடையின் மாடியில் ஒத்திகை என்று கேள்விப்பட்டு கீத் படியேறிப் போகிறார். அங்கே ஸ்டூவர்ட் தனியாகப் பூகி-வூகி என்ற துள்ளல் பியானோ இசையை வாசித்துக்கொண்டிருக்கிறார். கை கட்டைகள் மேல், கண் ஜன்னலுக்கு வெளியே. கீழே பூட்டி நிறுத்திய சைக்கிளை யாராவது தூக்கிப்போய்விடுவார்களோ என்று கவலை. வாசிப்பில் ஒரு பிசிறு இல்லை. இந்த ஒரு காட்சிக்கே நான் கொடுத்த 350 சரியாகிவிட்டது.

1963-இல் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் என்ற மேனேஜர் வருகிறார். ஆறு பேர் அதிகம், ஸ்டூவர்ட்டின் முகவெட்டு போஸ்டருக்கு ஆகாது என்று மேடையிலிருந்து இறக்கிவிடுகிறார். வேறு யாராக இருந்தாலும் ஊரைக் கூட்டிவிட்டு வெளியேறியிருப்பார்கள். ஸ்டூவர்ட் வேனை ஓட்டுகிறேன், வாத்தியங்களைப் பார்த்துக்கொள்கிறேன், கூப்பிட்டால் பியானோ வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி வரை அவர்களோடே இருந்தார். 1985 டிசம்பரில் இறந்தார். கார்டு என்றால் பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைப்பது, அதில் சோகம் தொனிப்பது மைனர். அவருக்கு மைனர் கார்டு என்றால் ஆகாது, பாட்டில் அது வந்தால் கையைத் தூக்கிக்கொள்வார். ‘வைல்ட் ஹார்சஸ்’ ஒலிப்பதிவில் அவர் உட்கார மாட்டேன் என்றதால் ஜிம் டிக்கின்சன் பியானோ வாசித்தார். இவ்வளவு முரட்டுப் பிடிவாதம் பிடித்த மனிதரைத்தான் கீத் குழுவின் சொந்தக்காரர் என்கிறார். இன்றைக்கும் தான் ஸ்டூவர்ட்டிடம் வேலை பார்ப்பதாகவே நினைப்பு என்கிறார். கோடிக்கணக்கில் சம்பாதித்தவர் இப்படிச் சொல்லும்போது அதை மேடைப் பணிவு என்று தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் இந்த மனிதருக்குப் பணிவு என்பதே கிடையாது.

ஈடித் குரோவ் என்ற தெருவில் அழுக்கு வீட்டில் பட்டினியோடு கிடந்து நாள் முழுக்க புளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர் இசையின் தட்டுகளைக் கேட்ட நாட்களை நன்றாகவே எழுதியிருக்கிறார். குழுவின் இன்னொரு கிட்டார்காரர் பிரையன் ஜோன்ஸ், ராபர்ட் ஜான்சன் என்ற பழைய புளூஸ் பாடகரின் தட்டைப் போட்டுக் காட்டியபோது, கூட வாசிக்கும் இன்னொருவர் யார் என்று கேட்டிருக்கிறார் கீத். இன்னொருவர் கிடையாது, ஒரே ஆள், ஒரே கிட்டார். இளைய நிலா பாட்டைக் கேசட்டில் முதலில் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர் என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அட்டையில் பின்வரிசைக்காரர் பெயரைத் தேடினால் எங்கே இருக்கும்?

இனி கிட்டார் விஷயம். பொறுமை இல்லாதவர்கள் அடுத்த நாலு பத்தியைத் தாண்டிவிடலாம், நான் தாண்ட மாட்டேன்.

1965-இல் வந்த ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டின் அந்த ரிஃப், அதாவது பாட்டுக்கு அடையாளமாகத் திரும்பத் திரும்ப வரும் துணுக்கு, தூக்கத்தில் வந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு பிலிப்ஸ் கேசட் ரிக்கார்டர். காலையில் பார்த்தால் புது டேப் கடைசி வரை ஓடி நிற்கிறது. சுற்றிவிட்டுக் கேட்டால் கரடுமுரடாக அந்த ரிஃப், மிச்ச நேரமெல்லாம் குறட்டை. அதை வாசித்த ஞாபகமே அவருக்கு இல்லை. இன்னொன்று, ஒலிப்பதிவில் நாம் கேட்கும் அந்தக் கரகரப்பான கிட்டார் ஒலி வெறும் மாதிரிக்காகப் போட்டது. அந்த இடத்தில் பித்தளை ஊதுகருவிகள் வரவேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அவரைக் கேட்காமலேயே பாட்டு வெளிவந்து உலகத்தைச் சுற்றிவிட்டது.

மூன்று வருஷம் கழித்து அதே மாதிரி மலிவு ரிக்கார்டரை வேறு விதமாகப் பயன்படுத்துகிறார். அக்கூஸ்டிக் கிட்டாரை அதற்குப் பக்கத்தில் வைத்து ஓங்கி வாசித்தால், அந்தச் சின்ன மைக் தாங்காமல் ஒலி பிய்ந்துபோகும். பிய்ந்த அந்த ஒலியை ஸ்டுடியோவில் ஒரு ஸ்பீக்கர் வழியாக ஓடவிட்டு, முன்னால் நல்ல மைக் வைத்துப் பிடிக்கிறார்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டிங் மேன்’ பாட்டில் மின்சாரக் கிட்டார் என்று நான் இத்தனை காலம் நினைத்தது அக்கூஸ்டிக்தான். பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கக் கடன் வாங்கும் எங்கள் ஆட்களுக்கு இதைச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது ஐந்து கம்பி. அறுபதுகளின் கடைசியில், அமெரிக்கக் கிட்டார்காரர் ரை கூடர் போன்றவர்கள் வாசிப்பதைப் பார்த்து, கீத் கிட்டாரை ஓப்பன் ஜி சுருதிக்கு, அதாவது கம்பியை அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு கேட்கும் சுருதிக்கு, மாற்றுகிறார். ஆறாவது கம்பியைக் கழற்றியே விடுகிறார். மிச்சக் கம்பிகள் ஜி, டி, ஜி, பி, டி. நம் கணக்கில் சொன்னால் ச ப ச க ப. ஆறாவது கம்பி இருந்தால் அடியில் ஒரு மந்திர பஞ்சமம் வந்து உட்காரும். அதை எடுத்துவிட்டால் ஷட்ஜமம் அடியில் நிற்கும், சுருதி தெளிவாகும். ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்தால் முழு மேஜர் கார்டு. அதன் மேலேயே இன்னும் இரண்டு விரலைத் தட்டி எடுத்தால் மத்யமத்தின் மேல் நிற்கும் நாலாவது கார்டு வந்துவிட்டுப் போகும். ‘ஹாங்கி டாங்க் விமன்’, ‘ஸ்டார்ட் மீ அப்’ எல்லாம் இந்தத் தட்டி எடுப்பதுதான். இடையிடையே கம்பிகள் தம்பூரா மாதிரி தாமாகவே ரீங்கரித்துக்கொண்டிருக்கும். இந்தச் சுருதி அமெரிக்காவில் பாஞ்சோ என்ற வாத்தியத்திலிருந்து வந்ததையும், பாஞ்சோ வாசித்தவர்கள் தபாலில் வந்த மலிவு கிட்டாரை வாங்கிப் பழைய சுருதியிலேயே முறுக்கிக்கொண்டதையும் அவர் விளக்கும் பக்கங்களில் ஒரு நல்ல வாத்தியாரின் குரல் இருக்கிறது.

படித்த வேகத்தில் நானும் ஒரு கம்பியைக் கழற்றிவிட்டு ஒத்திகைக்குப் போனேன். குழுவை நடத்தும் மாஸ்டர் பார்த்தார்.

“ஏன்பா, ஒரு கம்பி கம்மியா இருக்கே. கடைக்குப் போக நேரம் இல்லையா?”

“வேணும்னேதான் கழட்டியிருக்கேன் மாஸ்டர்.”

“அஞ்சு கம்பிக்கு முழு பேமென்ட் கேட்பியா?”

அவர் கிண்டல் செய்தாலும் நியாயம் அவர் பக்கம்தான். நம் சினிமாப் பாட்டுக்கு இந்தச் சுருதி ஒத்துவராது. எட்டு மாத்திரைக்குள் நாலு கார்டு மாறும், அதில் இரண்டு மைனராக இருக்கும். ஓப்பன் ஜியில் மைனரைப் பிடிக்க விரல் சர்க்கஸ் செய்ய வேண்டும். இரண்டே கார்டில் ஓடும் ஒரு குத்துப்பாட்டில் மட்டும் அது பற்றிக்கொண்டது. அன்றைக்கு டிரம்ஸ்காரத் தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். வழக்கமாகப் பார்க்க மாட்டான்.

2003 ஏப்ரல் 4-ஆம் தேதி ரோலிங் ஸ்டோன்ஸ் பெங்களூர் பேலஸ் மைதானத்தில் வாசித்தார்கள். மூன்று நாள் கழித்து மும்பை பிராபோர்ன் ஸ்டேடியத்தில். பெங்களூரில் நான் இருந்தேன், வெகு தூரத்தில். எல்லோரும் ஜாகர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் கீத்தின் வலது கையைத் திரையில் தேடிக்கொண்டிருந்தேன். அந்தக் கை பாதி நேரம் சும்மாதான் தொங்கியது. ஒரு வெட்டு, அப்புறம் காலி, அப்புறம் இன்னொரு வெட்டு. சம்பளம் வாங்குகிறோம் என்று விடாமல் உரசிக்கொண்டே இருக்கும் எங்களுக்கு அது பெரிய அதிர்ச்சி. அன்று புரியாதது புத்தகத்தில் புரிந்தது. விட்டுவைக்கும் இடம்தான் பாட்டை நடக்கவைக்கிறது என்பதை அவர் பல இடங்களில் வேறு வேறு விதமாகச் சொல்கிறார்.

இனி குறைகள். போதைப் பக்கங்கள் நீளம். தான் எடுத்ததெல்லாம் சுத்தமான சரக்கு, அளவு தெரிந்து எடுத்தேன், அதனால்தான் உயிரோடு இருக்கிறேன் என்கிற தொனி திரும்பத் திரும்ப வருகிறது. யாரும் என்னைப் பின்பற்றாதீர்கள் என்றும் சொல்கிறார்தான். ஆனாலும் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருக்கிறது. கூட இருந்து செத்தவர்களின் பட்டியலும் இதே புத்தகத்தில்தானே இருக்கிறது? 1977-இல் டொரோண்டோவில் ஹெராயினோடு பிடிபட்டு, பல வருஷச் சிறை என்ற நிலையில் இருந்தபோது, பார்வையற்ற ஒரு ரசிகை நீதிபதியைப் பார்த்துப் பேசினார். இந்தப் பெண் ஊர் ஊராக வழியில் வண்டி பிடித்துக் குழுவின் பின்னால் வருபவர். அவர் பத்திரமாகப் போய்ச்சேர கீத் லாரிக்காரர்களிடம் சொல்லி வைப்பாராம். கடைசியில் தண்டனை, பார்வையற்றோருக்காக ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்பது. 1979-இல் ஓஷாவா நகரில் வாசித்தார்கள். இந்தக் கதை ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற கைதுகளில் பாதியை வெட்டியிருந்தால் புத்தகம் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

பெண்களைப் பற்றிப் பேசும் மொழியும் சில இடங்களில் முகம் சுளிக்க வைக்கிறது. காலம் அப்படி என்று சொல்லலாம், ஆனால் எழுதியது 2010-இல்.

ஒரு பக்கத்தில் மட்டும் அந்தப் பெருமை முழுவதும் இறங்கிவிடுகிறது. 1976-இல் குழு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மூத்த பையன் மார்லனுக்கு ஆறு வயசு, அப்பாவோடே ஊர் ஊராகச் சுற்றுகிறான். தூங்கும் அப்பாவை எழுப்பும் வேலை அவனுக்கு. தலையணைக்கு அடியில் துப்பாக்கி வைத்திருப்பவரை வேறு யார் போய் எழுப்புவார்கள்? பாரிஸில் நிகழ்ச்சி இருக்கும்போது, பிறந்து சில வாரமே ஆன இன்னொரு பையன் டாரா இறந்துவிட்டதாகப் போன் வருகிறது. அன்று ராத்திரி கீத் மேடையேறி வாசித்தார். பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு வந்ததற்குத் தன்னை மன்னிக்க முடியவில்லை என்று எழுதுகிறார். நீட்டவில்லை, அழவில்லை, அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார். வீட்டில் சாவு விழுந்த அன்றும் ஒப்புக்கொண்ட மண்டபத்துக்கு வந்து வாசித்தவர்களை எங்கள் வட்டாரத்திலும் பார்த்திருக்கிறேன். அவர்களும் இப்படித்தான் சுருக்கமாகச் சொல்வார்கள்.

மிக் ஜாகரைத் திட்டும் பகுதி எனக்குப் பிடிக்கவில்லை. எண்பதுகளில் ஜாகர் தனி ஆல்பம் போடப் போனதில் வந்த சண்டை உண்மைதான், கீத்துக்குக் காயம் பட்டதும் உண்மைதான். பட்டப்பெயர், உடம்பைப் பற்றிய நக்கல் எல்லாம் எதற்கு? வேனில் திரும்பி வரும்போது பாடகரைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சா? அதை அச்சில் போட மாட்டோம், அவ்வளவுதான். இன்னொரு வருத்தம் இதைவிடப் பெரியது. பின்வரிசைக்காரர்களை இவ்வளவு ஆசையோடு எழுதுபவர், தன் குழுவில் பாட்டுக்குப் பெயர் போடுவது எப்படி நடந்தது என்பதில் வேகமாக நடந்துவிடுகிறார். கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஜாகர், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டே பெயர். 1974-இல் குழுவை விட்டுப்போன கிட்டார்காரர் மிக் டெய்லர், தனக்குரிய பெயர் கிடைக்கவில்லை என்று பிற்பாடு சொன்னவர். அவர் கிட்டாரைக் கீத் வாய் நிறையப் புகழ்கிறார். புகழ்ச்சிக்கு ராயல்டி கிடையாது.

இதைச் சொல்லும்போது ஜானி ஜான்சன் கதையையும் சொல்லாவிட்டால் அநியாயம். கீத்தின் கண்கண்ட தெய்வம் சக் பெர்ரி. அவருடைய பாட்டுகள் பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் என்று கிட்டார்காரனுக்குச் சங்கடமான சுருதிகளில் இருப்பது ஏன் என்று கீத் யோசிக்கிறார். அவை பியானோவுக்குத் தோதான சுருதிகள். அப்படியென்றால் அந்த மெட்டுகள் பிறந்த இடம் பெர்ரியின் பழைய பியானோக்காரர் ஜான்சனின் கை என்று கண்டுபிடிக்கிறார். தேடிப் போனால் ஜான்சன் செயின்ட் லூயிஸில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார். 1986-இல் பெர்ரியின் அறுபதாவது பிறந்தநாள் நிகழ்ச்சியைக் கீத் நடத்தித் தந்தபோது, ஜான்சனை வண்டியிலிருந்து இறக்கிப் பியானோவுக்கு முன்னால் உட்கார வைத்தார். அதற்குப் பிறகு ஜான்சனுக்குச் சொந்தப் பெயரில் மேடைகள் கிடைத்தன. ஒத்திகையில் பெர்ரி கீத்தை எல்லோர் முன்னாலும் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்து இம்சை செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறார். பொறுத்துக்கொண்டாராம், தெய்வமாயிற்றே.

கடைசிப் பக்கங்களில் அம்மா டோரிஸ். 2007-இல் மரணப்படுக்கையில் இருந்தவருக்கு மகன் கிட்டார் வாசித்துக் காட்டுகிறார், தாத்தா கற்றுக் கொடுத்த அதே மலகேனா. மறுநாள் அம்மா சொன்னாராம், சுருதி கொஞ்சம் விலகியிருந்தது என்று. நான் வாய்விட்டுச் சிரித்தேன், மெட்ரோவில் பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

மெட்ரோ என்றதும் ஒலிப்புத்தகத்தைச் சொல்ல வேண்டும். கே.ஆர்.புரத்தில் ஏறி எம்.ஜி. ரோடு வரை போகிறவர்களுக்கு அதுதான் வசதி. இருபது மணி நேரத்துக்கு மேல் ஓடும். நடிகர் ஜானி டெப், இசைக்கலைஞர் ஜோ ஹர்லி, கீத் என்று மூவர் மாறி மாறி வாசிக்கிறார்கள். டெப்பின் வாசிப்பு எனக்குச் சப்பென்று இருந்தது. ஹர்லி வந்ததும் உயிர் வருகிறது, லண்டன் தெருப் பேச்சு அப்படியே நாக்கில் புரள்கிறது. கீத் கடைசியில்தான் வருகிறார், பாதி வார்த்தை தொண்டைக்குள்ளேயே போய்விடும், ஆனாலும் அந்தக் கரகரப்புக்காகக் காத்திருக்கலாம். கிட்டார் விளக்கங்கள் மட்டும் காதில் நிற்காது, தாளில் கோடு போட்டுப் படிக்க வேண்டியவை. இரண்டும் வாங்க முடியாது என்றால் புத்தகம்தான். சாஸேஜ் வதக்குவது எப்படி என்ற குறிப்பும் அதில் உண்டு. சூடாக்காத சட்டியில் வைத்து மெல்லத் தீயேற்ற வேண்டுமாம். செய்து பார்த்தேன், வெடிக்கவில்லை.

புத்தகம் 2010-இல் நின்றுவிடுகிறது. 2021 ஆகஸ்டில் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ் இறந்ததும், அதற்கப்புறம் 2023-இல் வந்த ஆல்பமும் இதில் இருக்க நியாயமில்லை. ஆனால் சார்லியின் கை இருக்கிறது. இடதுகை ஸ்நேர் டிரம்மில் அடிக்கும் அந்தக் கணத்தில் வலதுகை ஹை-ஹேட் என்ற ஜோடித் தட்டைத் தொடாமல் தூக்கிக்கொள்ளும், பாட்டுக்கு அந்த லேசான பின்னிழுப்பு அதனால்தான் வருகிறது என்று கீத் சொல்கிறார். இதை எங்கள் டிரம்ஸ்காரத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவன் போன வார ரிசப்ஷனில் அப்படியே செய்து பார்த்தான். பாடகிக்குத் தாளம் இடறி, இடைவேளையில் இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது. புத்தகம் இப்போது அவனிடம் இருக்கிறது, கேட்டால் இன்னும் முடிக்கவில்லை அண்ணே என்கிறான்.